ஆப்பிளின் ஆதி தேசம் கண்ட வாவிலாவ்

ருஷ்யாவின் தாவர சாஸ்திர நிபுணர் நிகோலாய் இவானோவிச் வாவிலாவ் 1943-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி ஸரடோவ் நகரத்துச் சிறைச்சாலையில் காலமானார். ஐந்து கண்டங்களிலும் சுற்றி, மனித சமூகத்தைப் பஞ்சத்தினின்றும் காப்பதற்கென்று சுமார் இரண்டரை லக்ஷம் விதை, கன்று, கிழங்கு மாதிரிகளைத் திரட்டி வைத்த ஒருவர், வயிற்றுக்குப் போதிய ஆகாரமின்றி உடல் வற்றி உயிர் நீத்தார். அவரைச் சிறையிலிட்டது அந்நிய ஆட்சியன்று; இருபது வருஷம் அவர் எந்த சர்க்காருக்கு இரவு பகலாக உழைத்தாரோ அந்த சர்க்காரேதான். சதி, ஒற்று, நாசவேலை என்று குற்றச்சாட்டுகள் பலவாறாக எழுதப்பட்டிருந்தன. உள்ளபடி அவர் செய்த குற்றம் ஒன்றே. மரஞ்செடிகளின் குணங்கள் பீஜத்திலுள்ள மரபணுக்களின் வழியாகவே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன என்ற உண்மையை, மேலிடத்தின் விருப்பத்திற்காக மறுத்துரைக்க அவர் இசையவில்லை. விசாரணையில் அவருக்காகப் பேச அன்று ஒருவருமில்லை. இன்று பழமரங்களே அவர் பக்கம் சாட்சி சொல்லுகின்றன.

வாவிலாவ் 1887-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி மாஸ்கோவில் பிறந்தார். தகப்பனார் குடியானவர் குடும்பத்தில் தோன்றி, ஜவுளி வியாபாரத்தில் செல்வம் தேடியவர். மகனையும் அதே தொழிலில் விட எண்ணி வர்த்தகப் பள்ளியில் சேர்த்தார். மகனோ பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாஸ்கோ விவசாயக் கலாசாலையில் புகுந்துவிட்டார். தம்பி ஸெர்கேய் பௌதிக சாஸ்திரத்தில் பெரும் புகழ் எய்தினார். அவரைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல நேரும்.

1913-ல் வாவிலாவ் இங்கிலாந்து சென்றார். ஆஸ்திரியப் பாதிரியாரான மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்த பரம்பரை விதிகள், வெகு காலம் ஒருவரும் சீந்தாமல் கிடந்து 1900-ல்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்திருந்தன. அவ்விதிகளை உலகறியச் செய்த வில்லியம் பேட்ஸன், லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஸ்தாபனத்தின் தலைவராக விளங்கினார். அவரிடம் வாவிலாவ் கற்ற பாடம் கடைசி வரையில் மறக்கவில்லை. முதல் மகாயுத்தம் மூண்டதும் ஊர் திரும்பினார். 1916-ல் பாரசீகத்திலிருந்த ருஷ்யத் துருப்புகள் ரொட்டி உண்டு மயங்கி விழுவதற்குக் காரணம் கண்டறிய அனுப்பப்பட்டார். கோதுமையில் கலந்திருந்த நச்சுக் களையே காரணமென்று சொல்லிவிட்டு, அப்படியே பாமீர் மலைகளில் ஏறித் தானியக் கதிர் சேகரிக்கப் போய்விட்டார். அதுதான் அவருடைய யாத்திரைகளின் ஆரம்பம்.

1921-ல் பெட்ரோகிராட் நகரத்துத் தாவர ஆராய்ச்சிக் காரியாலயத்தின் தலைமை அவரிடம் வந்தது. அவ்வருஷம் வால்கா நதிப் பிரதேசத்தில் லக்ஷக்கணக்கான ஜனங்களைப் பஞ்சம் வாரிக் கொண்டு போயிற்று. அதைக் கண்ணாரக் கண்டவர் அவர். குளிரையும் வறட்சியையும் பூச்சி நோயையும் தாங்கும் பயிர்களை எங்கே தேடுவது என்ற கேள்வி அவரைப் பற்றிக் கொண்டது. 1924-ல் ஆப்கானிஸ்தானம், பின்னர் மத்தியதரைக் கடல் நாடுகளும் அபிஸீனியாவும், 1929-ல் மேற்குச் சீனம், ஜப்பான், கொரியா, 1930-ல் மெக்ஸிகோ, 1932-ல் தென் அமெரிக்கா என்று அவருடைய பிரயாணங்களின் ஜாபிதா நீண்டுகொண்டே போகும். இரவில் நாலைந்து மணி நேரமே உறங்குவார் என்றும், உடன் சென்றவர்கள் களைத்து விழுந்த பின்னும் அவர் நடந்துகொண்டிருப்பார் என்றும் சகாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை அலைச்சலுக்கும் அடிப்படையாயிருந்த கொள்கை 1926-ல் நூலாக வெளிவந்தது. ஒரு பயிர் எந்தப் பிரதேசத்தில் மிக அதிகமான ரகபேதங்களுடன் காணப்படுகிறதோ, அதுவே அப்பயிர் பிறந்த இடம் என்று அவர் கூறினார். நம் நாட்டு வாசகர்களுக்கு இதைப் புரிய வைப்பது கடினமன்று. நாட்டு மாமரத் தோப்பில் நுழைந்து பாருங்கள். ஒரு மரத்தின் கனி நார் மிகுந்திருக்கும், ஒன்று தேனாயிருக்கும், ஒன்று வாயில் வைக்க முடியாதபடி புளிக்கும். கொட்டையிலிருந்து முளைத்த ஒவ்வொரு மரமும் தனிப் பிறவி. ஒட்டுக் கன்று வைத்த தோப்பிலோ ஆயிரம் மரம் நின்றாலும், சாஸ்திர முறைப்படி அவையெல்லாம் ஒரே மரம்தான். ஒன்றுக்கு வந்த நோய் ஆயிரத்துக்கும் வரும். மாவையும் நெல்லையும் தந்த பிறப்பிடமாக வாவிலாவ் இந்தியாவையே குறித்தார். ஆனால் அவர் இந்தியாவுக்கு வரவில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கத்திலிருந்த நாடுகள் பலவற்றில் ஸோவியத் விஞ்ஞானி நுழைவது அக்காலத்தில் எளிதாயில்லை. தம் சகாவான மார்க்கோவிச் என்பவரை அனுப்பித்தான் இந்நாட்டு விதைகளை அவர் பெற வேண்டியிருந்தது.

நாம் இங்கே விசேஷமாய்ச் சொல்லக் கருதியது ஆப்பிளின் கதை. 1929-ல் வாவிலாவ் தியான் ஷான் மலைத் தொடரின் வட சரிவிலுள்ள அல்மா ஆட்டா நகரத்திற்கு வந்தார். கஸாக் பாஷையில் 'அல்மா' என்றால் ஆப்பிள். ஊரைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் ஆப்பிள் மரங்கள் தோட்டமாக அன்று, காடாகவே நின்றன. சாதாரணமாகக் காட்டு ஆப்பிளின் கனி கோலிக்குண்டு அளவே இருக்கும், வாயைச் சுளிக்கச் செய்யும். இங்கேயோ கோலிக்குண்டு அளவிலிருந்து தோட்டத்துக் கனியின் பருமன் வரையில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, இனிப்பும் துவர்ப்பும் கசப்புமாக மரத்துக்கு மரம் வேறுபட்டன. மனிதர் கை படாத காட்டிலேயே, சந்தையில் விற்கக்கூடிய பழம் காய்த்துத் தொங்கியது. உலகத்துத் தோட்டங்களில் வளரும் ஆப்பிளுக்கு மூதாதை இங்கேதான் இருக்கிறது என்று வாவிலாவ் தீர்மானித்தார். அக்காட்டு இனத்திற்கு மாலஸ் ஸீவர்ஸீ என்று சாஸ்திரப் பெயர்.

தீர்மானித்தார் என்று சொன்னோமேயன்றி, நிரூபித்தார் என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்தும், இலையை அளந்தும், பழத்தைச் சுவைத்தும், பூக்கும் நாளைக் குறித்தும் ரகங்களைப் பிரிப்பதற்கு மேல் அவர் காலத்தில் வழியில்லை. அதில் ஏமாற்றம் உண்டு. ஒரே ஒட்டை மலையிலும் சமவெளியிலும் வைத்தால் இரண்டு ஜாதி போலத் தோன்றும். வேறு வேறு பிறப்புடைய இரண்டு மரங்கள் இரட்டைப் பிள்ளைகள் போலவும் இருந்துவிடும். மண்ணும் நீரும் வெயிலும் மேலே பூசுகிற சாயத்தை நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் பரம்பரையை மட்டும் படிப்பது எப்படி என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விஞ்ஞானம் விடை காணும் முன்னரே அதிகாரம் ஒரு விடை எழுதிவிட்டது. கொஸ்லாவ் என்னும் சிற்றூரில் மிச்சூரின் என்ற முதியவர், தனியாளாக நின்று கடுங்குளிரைத் தாங்கும் பழமரங்களை உண்டாக்கி வந்தார். அவருடைய உழைப்பை மதித்து சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் வாவிலாவும் ஒருவர். மிச்சூரின் தோட்டத் தொழிலில் கைதேர்ந்தவர். ஆனால் ஒட்டுக் கட்டிய கிளை, அடிமரத்தின் பரம்பரைக் குணத்தையே மாற்றிவிடும் என்பன போன்ற அபிப்பிராயங்களும் அவருக்கு இருந்தன. 1935-ல் அவர் மறைந்தார். அவருடைய பெயரைக் கொடியாகப் பிடித்துக் கிளம்பினவர் டிரோஃபிம் லைஸென்கோ. விதையைக் குளிரில் ஊற வைத்தே கோதுமையின் சுபாவத்தை மாற்றலாம், புது ரகத்தை இரண்டு மூன்று வருஷத்தில் தந்துவிடலாம், மரபணு என்பது முதலாளி நாட்டுப் பாதிரியின் கற்பனை என்று அவர் முழங்கினார். பத்து வருஷமாகும் என்று கணக்குச் சொன்ன வாவிலாவைவிட, மூன்று வருஷத்தில் முடிப்பேன் என்றவரை ஸ்டாலினுக்குப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. கூட்டுப் பண்ணைகளை அவசரமாகத் திணித்ததன் பயனாக நாட்டில் தானியம் குறைந்திருந்தது. குறையை யார் தலையிலாவது சுமத்த வேண்டியுமிருந்தது.

ஆரம்பத்தில் லைஸென்கோவைக் கைதூக்கி விட்டவர்களில் வாவிலாவும் சேர்ந்தவரென்பதை மறைக்க வேண்டியதில்லை. படிப்பில்லாத குடியானவன் மகன் சுயமுயற்சியால் முன்னேறுகிறான் என்று அவர் மனமகிழ்ந்தார். குளிர்ப் பக்குவம் செய்யும் முறையில் ஏதோ பயன் இருக்கக்கூடும் என்றும் எண்ணினார். அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டலாம். ஆனால் கணக்கில்லாத சோதனைகளை முதலிலேயே கண்டித்திருக்க வேண்டியவர், சபைத் தலைவர் ஸ்தானத்திலிருந்தும் தயங்கினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தயக்கம் நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. 1935-ல் விவசாய விஞ்ஞான சபையின் தலைமையிலிருந்து அவர் நீக்கப்பட்டார். 1938-ல் அந்த ஆசனத்தில் லைஸென்கோ அமர்ந்தார். 1939-ல் எடின்பரோவில் கூடிய சர்வதேச மரபியல் மகாநாடு வாவிலாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேசத்தை விட்டுப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தலைவர் நாற்காலி அவரின்றியே கிடந்தது. அதன் பிறகும் அவர் சபைகளில் எழுந்து, மெண்டலின் விதிகள் மெய்யென்றே பேசி வந்தார். சகாக்கள் பலர் அதற்குள் சிறைக்குச் சென்றிருந்தார்கள்.

1940-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி மேற்கு உக்ரேனில் செர்னோவிட்ஸ் பக்கத்து மலையடிவாரத்தில் செடி சேகரித்துக் கொண்டிருந்த இடத்திலிருந்தே அவரைக் கைது செய்து கொண்டு போனார்கள். விசாரணை பதினோரு மாதம் நடந்தது. நானூறு தடவை, ஆயிரத்தெழுநூறு மணி நேரம் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டதாகத் தஸ்தாவேஜுகள் காட்டுகின்றன. 1941 ஜூலை 9-ந் தேதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கவே கைதிகளை ஸரடோவுக்கு மாற்றினார்கள். மரண தண்டனையை எதிர்பார்த்தபடி, ஜன்னலில்லாத அறையில் அவர் மாதக்கணக்கில் கிடந்தார். உடனிருந்த கைதிகளுக்குத் தாவர சாஸ்திரம் போதித்தார். 1942 ஜூனில் தண்டனை இருபது வருஷச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. ஆகாரம் மட்டும் கூடவில்லை. அவருடைய மனைவி எலெனாவும் இளைய மகனும் யுத்த காலத்தில் அதே ஸரடோவில் வந்து தங்கியிருந்தார்கள். கணவர் மாஸ்கோ சிறையில் இருப்பதாக எண்ணி அந்த அம்மாள் தம் அற்ப ஆகாரத்தில் மிச்சம் பிடித்து மாஸ்கோவுக்குப் பொட்டணம் அனுப்பி வந்தார். அதே ஊரில் சற்றுத் தொலைவில் அவர் பசியால் இறந்துகொண்டிருந்தார்.

லெனின்கிராடில் அவர் வைத்துச் சென்ற விதைக் களஞ்சியத்தை அதே சமயம் ஜெர்மானியரின் முற்றுகை சூழ்ந்திருந்தது. நகரத்தில் ரொட்டி இல்லை; ஸ்தாபனத்தின் அலமாரிகளில் டன் கணக்கில் நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் இருந்தன. நெல் நிபுணர் இவானோவ் நெல் மூட்டைகளினிடையே பட்டினியால் இறந்தார். நிலக்கடலைச் சேகரத்தைக் காத்த ஷுக்கின் தம் மேஜையடியில் உயிர் விட்டார். ஓட்ஸ் தானியத்துக்குப் பொறுப்பாயிருந்த லிடியா ரோடினாவும் அவ்விதமே மாண்டார். ஒருவரும் விதையில் கை வைக்கவில்லை. தலைவரைத் துரோகி என்று சர்க்கார் சொல்லியிருந்த காலத்தில், தொண்டர்கள் அவருடைய விதைகளைக் காத்தார்கள்.

1945-ல் தம்பி ஸெர்கேயை ஸோவியத் விஞ்ஞானப் பேரவையின் தலைவராக ஸ்டாலின் நியமித்தார். அண்ணன் இறந்ததை அறிந்திருந்தும், லைஸென்கோ வீற்றிருந்த சபைக்கு அவர் தலைமை வகித்தார். இதைவிடக் கொடிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். 1948-ல் மரபியல் போதனையே ஸோவியத் நாட்டில் தடுக்கப்பட்டது. 1955-ல் உயர்நீதி மன்றம் வாவிலாவின் தண்டனையை ரத்து செய்தது. லைஸென்கோவின் ஆதிக்கம் ஒழிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

இனி, சாட்சியத்திற்கு வருவோம். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்ற நீண்ட இழை நாலே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு போன்றது. அதில் சில இடங்களில் இரண்டு, மூன்று எழுத்துகள் கொண்ட ஒரே அசை பதினைந்து தடவை, இருபது தடவை தொடர்ந்து வரும். பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுகிறவன் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருமிடத்தில் எண்ணிக்கை தவறிவிடுவதுபோல, உயிரணு பிரியும்போதும் இவ்விடங்களில் ஓர் அசை கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். ஆகையால் ஒரு மரத்தில் பதினைந்து முறை வருவது இன்னொன்றில் இருபத்திரண்டாயிருக்கும். இவ்விடங்களுக்கு மைக்ரோஸாட்டிலைட் என்ற பெயர் 1989-ல் வழக்கிற்கு வந்தது. இலையில் ஒரு துணுக்கு இருந்தால் போதும். குறித்த இடத்தை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து, அதன் நீளத்தை அளந்து, எத்தனை அசையென்று கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு மரமும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு நீளங்களைக் கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து இடங்களைப் பார்த்தாலே ஏறக்குறைய எந்த ரகத்தையும் இனம் கண்டுவிடலாம். ஒட்டு மரத்தில் ஒரு கிளை மட்டும் தானே நிறம் மாறிச் சிவந்த பழம் காய்த்தால், அதைத் தாய்மரத்திலிருந்து பிரித்தறிய இம்முறை சாதாரணமாகப் பயன்படாது. அது ஒரு குறை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் யாதெனில், மரத்துக்கு நீர் பாய்ச்சினாலும் காய விட்டாலும், குளிரில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும், எந்த அடிமரத்தில் ஒட்டுக் கட்டினாலும் இக்கணக்கு மாறுவதில்லை. மெண்டல் சொன்ன விதிப்படியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. இதைக் கொண்டே 1997-ல் கலிபோர்னியாவில், புகழ்பெற்ற கபெர்னே ஸோவின்யோன் திராட்சையின் தாய் தந்தையர் கபெர்னே ஃபிராங்க், ஸோவின்யோன் பிளாங்க் என்ற இரண்டு பழைய கொடிகளே என்று தெளிவாயிற்று. பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் நம் மாமரங்களிலும் இத்தகைய அடையாளங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

ஆப்பிளுக்கு 2012-ல் தீர்ப்புக் கிடைத்தது. சீனம் முதல் ஸ்பெயின் வரையில் காட்டு மரங்களிலும் தோட்ட மரங்களிலும் இலை எடுத்து, 26 மைக்ரோஸாட்டிலைட் இடங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், தோட்டத்து ஆப்பிளின் ஆதி மூதாதை மத்திய ஆசியாவின் மாலஸ் ஸீவர்ஸீதான் என்று உறுதி கூறினர். 83 வருஷங்களுக்கு முன் வாவிலாவ் கண்ணால் கண்டு சொன்னது சரியாயிற்று. ஆனால் முழுவதும் சரியென்று சொல்ல முடியாது. பட்டு வணிகப் பாதை வழியாக ஆப்பிள் மேற்கே சென்றபோது, ஐரோப்பாவின் புளிப்புக் காட்டு ஆப்பிளோடு மீண்டும் மீண்டும் கலந்தது. அக்கலப்பு எவ்வளவு மிகுதி என்றால், இன்று நாம் உண்ணும் பழம் பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டையே அதிகம் ஒத்திருக்கிறது. பேதம் மிகுந்த இடமெல்லாம் பிறப்பிடமாகாது என்றும், பல பயிர்கள் ஒரே இடத்தில் பிறந்தவையல்ல என்றும் பின்வந்தோர் அவருடைய கொள்கையைத் திருத்தியிருக்கிறார்கள். லைஸென்கோவின் கொள்கையில் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வாவிலாவ் கண்ட காடுகள் வெகுவாகச் சுருங்கிவிட்டன. நகரம் பரவியும், பண்ணைகளுக்காக மரங்கள் வெட்டப்பட்டும், தோட்டத்து ஆப்பிளின் மகரந்தம் வந்து கலந்தும் தூய காட்டு மரங்கள் அருகி வருகின்றன. அவற்றை ஆயுள் முழுதும் ஆராய்ந்து காத்தவர் கஸாக் விஞ்ஞானி ஐமாக் ஜங்கலியேவ். 1989 முதல் 1996 வரை அமெரிக்க விவசாய இலாகாவினர் நான்கு முறை சென்று, அக்காட்டு விதைகளைக் கொண்டு போய் நியூயார்க் மாகாணத்து ஜெனீவாவில் தோப்பாக வளர்த்தார்கள். சொறி நோயைத் தாங்கும் கன்றுகள் அங்கே கிடைத்தன. எல்லாவற்றையும் காக்க இடமில்லாத இடத்தில் எந்த மரங்களை வைத்தால் பேதம் குன்றாது என்பதையும் மைக்ரோஸாட்டிலைட் கணக்கைக் கொண்டே தேர்ந்தார்கள்.

பழமரத்தைக் கோதுமைபோல் விதையாக டப்பாவில் அடைத்து வைக்க முடியாது. விதை தாயின் குணத்தை அப்படியே தராது. மரமாகவே நிறுத்தி வைக்க வேண்டும். வாவிலாவ் காலத்தில், 1926-ல், லெனின்கிராடை அடுத்த பாவ்லாவ்ஸ்கில் தொடங்கிய பரிசோதனைப் பண்ணையில் ஆயிரக்கணக்கான பழமர ரகங்களும் பெர்ரி ரகங்களும் அவ்விதம் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறு எந்தச் சேகரத்திலும் இல்லை. 2010-ல் அந்நிலத்தை வீடு கட்டுவதற்கு விட்டுவிடலாம் என்று ருஷ்ய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பல தேசத்து விஞ்ஞானிகளும் ஆட்சேபித்து எழுதினார்கள். இரண்டு வருஷ வழக்காட்டத்துக்குப் பின் சர்க்கார் அந்த யோசனையைக் கைவிட்டது, மரங்கள் நிற்கின்றன.